பிரசவ வார்டைச் சுற்றி ஒரு வளையம்

மேகாலயா,
செப்டம்பர் 9

அன்புள்ள ரெனிதாவுக்கு,

நான் நலம். நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நான் இந்த மலைக்கு வேலைக்கு வந்து, நீ ஆவடியிலேயே இருந்துவிட்ட இந்த மூன்று வருடத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. ஃபோனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த மிஷன் ஆஸ்பத்திரியின் கட்டடப் பொறுப்பு என்னுடையது. பிரசவ வார்டு பழைய கல் கட்டடம். இங்கே பூமி அடிக்கடி அசைகிறது. புதுக் கட்டடம் என்றால் அடியில் ரப்பர் மெத்தை வைத்து எழுப்பலாம். இதைத் தூக்கினாலே சரிந்துவிடும்.

உன் அம்பத்தூர் பட்டறையில் நீ செய்துபார்த்த கம்பங்களை நினைத்தேன். கான்கிரீட் குழாய், அதற்குள் ரப்பர், ரப்பருக்குள் இரும்புக் குண்டு. கட்டடத்தைத் தொடாமல் சுற்றிலும் மண்ணில் வரிசையாகப் புதைத்தால், ஓடிவரும் அதிர்வலையை அவை வழியிலேயே வாங்கிக்கொள்ளும் என்பாய். கமிட்டியிடம் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் முடித்து, பிஷப்பை அழைத்து ஜெபம் வைக்க ஆசைப்படுகிறார்கள்.

செய்து தருவாயா?

ஆன்சன்

*

அம்பத்தூர் எஸ்டேட்,
செப்டம்பர் 20

அன்புள்ள ஆன்சனுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கு எல்லாம் நலம். வீட்டு மோட்டார் மட்டும் போய்விட்டது, மாற்றிவிட்டேன். சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

செய்து தருகிறேன். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு காலி மனையில் வளையம் புதைத்து, மண்ணைக் குலுக்கும் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டேன். வெளியே இருந்த ஆட்டம் உள்ளே பாதிகூட இல்லை. ஆனால் அங்கத்து மண் வேறு, சுவர் வேறு. எத்தனை அடியில் பாறை வருகிறது, சுவர் எந்த வேகத்தில் ஆடும், இரண்டையும் அளந்து அனுப்புங்கள். இங்கே உட்கார்ந்து ஊகிக்க மாட்டேன்.

ரப்பரை அச்சில் வார்க்கும் இயந்திரத்தை ஓட்டும் தாயம்மா எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், ஊட்டுக்காரர் லெட்டரா? ஊட்டுக்கு வர்றேன்றாரா, ரப்பர் வோணும்ன்றாரா?" என்றாள். ரப்பர் என்றேன். "எதுனா ஒண்ணு கேட்டுக்கீறாரே, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாதிரிப் பெட்டி தனியாக வருகிறது.

ரெனிதா

*

மேகாலயா,
நவம்பர் 6

அன்புள்ள ரெனிதாவுக்கு,

சாப்பாடு நன்றாக இருக்கிறது. குளிர் அதைவிட நன்றாக இருக்கிறது, இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். போதுமா?

அளவுகளை இணைத்திருக்கிறேன். குழிகள் பாதி தோண்டியாகிவிட்டன. பிரசவ வார்டு டாக்டர் ஃபெபி நாகர்கோவில்காரர். "குழிக்குள்ள விழாம நடக்கதே பெரிய காரியமா இருக்கு" என்று தினமும் என்னைத் திட்டுகிறார்.

ஒரு சின்ன விஷயம். நீ அனுப்பிய மாதிரி ரப்பர் துண்டை வராந்தாவில் வைத்திருந்தேன். காலையில் என் பூட்ஸின் அடிப்பாகம் மாதிரி விறைத்துக் கிடந்தது. வெயிலில் வைத்தால் சரியாகிவிடுகிறது. குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆன்சன்

*

அம்பத்தூர் எஸ்டேட்,
நவம்பர் 18

அன்புள்ள ஆன்சனுக்கு,

அது சின்ன விஷயம் இல்லை.

அலையும் இரும்புக் குண்டும் ஒரே தாளத்தில் ஆடினால்தான் அலையின் வலு குண்டுக்குப் போகும். ரப்பர் விறைத்தால் குண்டின் ஆட்டம் வேகமாகிவிடும், தாளம் தவறும். பிறகு அது மண்ணில் கிடக்கும் வெறும் குழாய்தான். நான் இந்த ரப்பரை அம்பத்தூர் வெயிலில் சோதித்தேன். உங்கள் மண் ஆழத்திலும் குளிரும். குழிக்குள் வெப்பமானியை இறக்கி எவ்வளவு என்று எழுதுங்கள்.

ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் பழைய ஃப்ரீசர் ஒன்று வாங்கிப் பட்டறையில் வைத்திருக்கிறேன். "ஐஸ் பொட்டில ரப்பர வெச்சிகினு இன்னா மேடம் பண்றீங்கோ?" என்று தாயம்மாவுக்குச் சிரிப்பு. சேர்மானத்தையே மாற்ற வேண்டும். பிப்ரவரி ஆகும். இதுவரை வார்த்த கம்பங்களை அனுப்ப மாட்டேன்.

ரெனிதா

*

மேகாலயா,
நவம்பர் 27

ரெனிதா,

கமிட்டியின் முன்னால் நிற்பவன் நான், நீ இல்லை. பிஷப்பிடம் தேதி வாங்கியாகிவிட்டது. வார்த்த கம்பங்களை அனுப்பு. முழுதாக இல்லாவிட்டாலும் பாதியாவது வேலை செய்யும் இல்லையா? உனக்கு எல்லாமே நூற்றுக்கு நூறாக இருந்தாக வேண்டும். நம் விஷயத்திலும் அப்படித்தான் இருந்தாய்.

குழிக்குள் பதினான்கு டிகிரி.

ஆன்சன்

*

அம்பத்தூர் எஸ்டேட்,
டிசம்பர் 4

அன்புள்ள ஆன்சனுக்கு,

நம் விஷயத்தைப் பிறகு பேசலாம்.

பாதி வேலை செய்யாது. அதைவிட மோசம், வளையம் இருக்கிறது என்று நம்பிப் பிள்ளைத்தாய்ச்சிகளை அந்தக் கட்டடத்தில் படுக்க வைப்பீர்கள். வளையமே இல்லாவிட்டால் மண் ஆடியதும் எல்லோரையும் வெளியே கொண்டுவரவாவது பார்ப்பீர்கள். கம்பங்கள் வராது. இந்தக் கடிதத்தை டாக்டர் ஃபெபியிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். வார்டு அவருடையது.

கோபத்திலும் குழியின் சூட்டை அளந்து எழுதினீர்கள். எனக்கு அது போதும். வேலையைத் தொடங்கிவிட்டேன்.

ரெனிதா

*

மேகாலயா,
ஏப்ரல் 2

அன்புள்ள ரெனிதாவுக்கு,

நேற்று மதியம் பூமி ஆடியது. எல்லோரும் நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கமிட்டியில் நடந்ததை நான் உனக்கு எழுதவே இல்லை. உன் கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தேன். கூட்டத்தில் எழுந்து, "நான் அவசரப்பட்டா பிள்ளை வந்துருமா? நேரம் ஆவணும்லா. ரப்பருக்கும் அப்படித்தான்" என்றார். கூட்டத்துக்கு வந்திருந்த பிஷப்பே சிரித்துவிட்டார். தேதி தள்ளிப்போனது. பிப்ரவரியில் உன் புதுக் கம்பங்கள் வந்தன, மார்ச்சில் கடைசிக் குழியை மூடினோம்.

நேற்று நான் சமையற்கட்டுப் பக்கம் நின்றிருந்தேன். அது வளையத்துக்கு வெளியே. தரை இழுத்துப்போட்டதில் முட்டி போட்டு விழுந்தேன். சமையற்கட்டின் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்தது, புகைக்கூண்டு முற்றத்தில் விழுந்தது. எழுந்து வார்டுக்கு ஓடினேன். விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன, மேலிருந்து சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. அவ்வளவுதான். பிரசவ அறைக்குள்ளிருந்து டாக்டரின் குரல் மட்டும் கேட்டது: "ஒண்ணும் இல்லம்மா, நீ முக்கு!" பெண் குழந்தை.

வளையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வைத்திருந்த அதிர்வு அளக்கும் கருவிகளின் பதிவுத் தாளைப் பார்த்துவிட்டேன். வெளியே இருந்த ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே வந்திருக்கிறது. அந்தத் தாளை மூன்று முறை படித்தேன், ரெனிதா. உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன், பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. காத்மாண்டுவில் ஒரு நிறுவனம் கூப்பிடுகிறது. அங்கே போகவா, ஆவடிக்கு வரவா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

ஆன்சன்

*

அம்பத்தூர் எஸ்டேட்,
ஏப்ரல் 11

என் அன்புள்ள ஆன்சனுக்கு,

கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியைத் தவிர. தாயம்மா ஃப்ரீசருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மூன்றில் ஒரு பங்கு நல்ல கணக்கு. அடுத்தது இதைவிடப் பெரிதாக வரலாம். அதனால் மே மாதம் அங்கே வருகிறேன். இரண்டு கம்பங்களைத் தோண்டி எடுத்து, ரப்பர் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால் எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியும்.

நான் சொல்வதைச் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுப்பை என் தலையில் வைக்காதீர்கள். காத்மாண்டு மண்ணுக்கும் இந்த வேலை வேண்டும், ஆவடி வீட்டிலும் இடம் இருக்கிறது. எது என்பதை இருவரும் சேர்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

திரும்பிவர கௌஹாத்தியிலிருந்து ரயிலில் இரண்டு படுக்கைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். ஒன்று உங்கள் பெயரில். சென்னை வந்துசேர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். லீவு சொல்லி வையுங்கள். வழியில் சண்டை வந்தாலும் வரட்டும். ஓடுகிற ரயிலிலிருந்து நீங்களும் இறங்க முடியாது, நானும் இறங்க முடியாது.

உங்கள்
ரெனி