எடை போடாத வரைபடம்

அன்புள்ள அக்கா,

இன்று சாப்பாட்டு நேரத்தில் நம் பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளைச் சுற்றி ஒரே கூச்சல். அயர்ன் மாஸ்டரின் போனில் தேர்தல் முடிவு வரைபடம். "பாருங்க, பாதிக்கு மேல நம்ம கலருங்க!" என்று பூரித்துப்போனார் மனிதர். நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. நான் வரைந்த வரைபடம் மட்டும் என்னை விடுவதாயில்லை.

நீங்கள் வார்டில் சுயேச்சையாக நின்றபோது பிரசாரத் தளபதி நான்தான். யாரும் நியமிக்கவில்லை, நானாக ஏறி உட்கார்ந்துகொண்டேன். பேட்டர்ன் அட்டையில் வார்டை வரைந்து, நமக்கு விழும் என்று தோன்றிய இடத்துக்கெல்லாம் பச்சை அடித்தேன். சோளக்காடு, குடோன், காலி மனை எல்லாம் பச்சை. மூலையில் விரல்நக அளவே இருந்த ஒரு சந்தை மட்டும், துளியூண்டுதானே என்று வெள்ளையாக விட்டேன். பிழைக்க வந்த உங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் சுவரோடு சுவராக நெருக்கியடித்து வாழ்ந்த லைன் வீடுகள். குழாய்த் தண்ணீர் இல்லாத அந்தச் சந்துக்காகத்தான் நீங்கள் தேர்தலில் நின்றதே.

"அங்க ஒரு நடை போயிட்டு வந்திருவோமாட்டி?" என்று பிரசாரத்தின் கடைசி நாளில் கேட்டீர்கள்.

"அது துளியூண்டு இடமுங்கக்கா. அவிங்க எப்படியும் உங்களுக்குத்தான் போடுவாங்க. காட்டுப் பக்கம் போலாமுங்க" என்று இழுத்துப்போனேன். ஒரு தோட்டத்து வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடந்தே பொழுது போயிற்று.

சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றீர்கள். சந்து முழுக்க எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

மறுநாள் காலை, வந்திறங்கிய துணி ரோலைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அருகில் வந்து நின்றீர்கள். "ஏட்டி, துணிய அகலம் பாத்தா வாங்குதோம்? எடை போட்டுல்லா வாங்குதோம். ஓட்டுக்கு மட்டும் அகலத்தப் பாத்துட்டியே" என்று சிரித்தீர்கள். பத்து வருடம் கிலோக் கணக்கில் துணி வாங்கிய எனக்கு அதுவரை உறைக்கவில்லை. என் பச்சை முழுக்கத் தேடினாலும் அந்த ஒரு சந்தின் ஜனம் தேறாது. வெட்கமாயிருந்தது, அக்கா.

ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல அந்த வாரம் சந்துக்கும் போனோம். குடத்தோடு நின்ற ஒரு பெண், "ஓட்டுக்கு முந்தி ஏன் வரல? எங்கள மறந்துட்டீங்கன்னுல்லா நெனச்சோம்" என்று கேட்டாள். "தப்பு எம்மேலதாம்மா" என்றீர்கள். பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே இன்றும் லாரித் தண்ணீர்தான். உங்கள் பேச்சு வந்தால், "நல்லவங்கதான், ஆனா எங்கள மறந்துட்டாங்க" என்கிறார்கள். மறக்க வைத்தவள் நான் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.