கல்லாகிப்போன பெடல்

நேற்று பெட்டியின் அடியில் என் காக்கிச் சட்டை கிடைத்தது. அம்மா நாலு தடவை துவைத்தும் பிரேக் ஆயில் வாசனை போகவில்லை. உன்னைப் போலவே, சொன்ன பேச்சு கேட்காத வாசனை.

நாம் கட்டிய காருக்கு யாரோ விற்ற ஜீப்பின் சேசிஸ், காயலான் கடை வேனின் இன்ஜின், உங்கப்பா பட்டறையில் நாமே வளைத்த தகரம். இது சாதி பார்க்காத கார் என்று நான் சொன்னபோது, அப்படியானால் இதற்குப் பொண்ணு கிடைக்காது என்றாய்.

ஒரு மாதம் நாம் சண்டை போட்டது பிரேக்குக்காகத்தான். பவர் பிரேக் வேண்டுமா, வேண்டாமா? சாதா பிரேக்கே போதும், ஜீப் மிதித்து உங்கப்பாவுக்குக் கால் தேய்ந்தா போயிற்று என்றாய். வேன் இன்ஜின் கனம், தொப்பூர் இறக்கத்தில் உன் குச்சிக் காலை நம்பி உட்கார மாட்டேன் என்றேன். வாயால் உன்னை ஜெயிப்பது எனக்கு எப்போதும் சுலபம்.

"என்ன எழவோ மாட்டித் தொலைடா. வாய மட்டும் மூடு."

இண்டூர் பக்கம் உடைத்துக்கொண்டிருந்த வேனிலிருந்து பவர் பிரேக்குக்கான பூஸ்டரை வாங்கி வந்தோம். இரண்டு வடைச்சட்டியை வாயோடு வாய் வைத்து ஒட்டியது போல ஒரு கறுப்பு டப்பா. கழற்றிக் கொடுத்த மெக்கானிக் என்னிடம் ஒன்று சொன்னார். ஓடுகிற இன்ஜின் அந்த டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் காலுக்குத் துணை. இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதி தாங்கும். அப்புறம் பெடல் கல். நீ அப்போது டீ வாங்கப் போயிருந்தாய்.

இப்படி ஒரு சங்கதி கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? மறுநாள் பட்டறையில், இன்ஜின் ஓடாத காரில் ஏறி நாலு மிதி மிதித்துவிட்டு இறங்கினேன். மந்திரம் போட்டு பிரேக்கைக் கட்டிவிட்டேன், மிதித்துப் பார் என்றேன். இரண்டு காலையும் வைத்து அழுத்தினாய். அசையவில்லை. நான் கையை நீட்டி ஸ்டார்ட் செய்தேன். பெடல் வெண்ணெயாக இறங்கியது. உன் முழியைப் பார்த்து உருண்டு உருண்டு சிரித்தேன்.

"எப்புட்றா? சொல்லுடா."

"அப்புறம் சொல்றன். ஒரு வாரம் மண்டைய ஒடச்சிக்க."

ஒரு வாரம் ஆகவில்லை. டயர் வாங்க நீ மட்டும் சேலம் கிளம்பினாய். எனக்குப் பரீட்சை. இறக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு உருட்டுவது உங்கள் வீட்டுப் பழக்கம். நம் ஊர் வேன்காரர்கள் எல்லாருக்கும்தான். பெட்ரோல் மிச்சம். பாறையில் மோதிய காரை, நீ இல்லாமல், இழுத்து வந்தபோது சாவி ஆஃபில் இருந்தது. பெடலின் தண்டு வளைந்திருந்தது. இரண்டு காலையும் வைத்துத்தான் மிதித்திருக்கிறாய்.

அந்த நேரத்தில், நான்தான் மறுபடி ஏதோ விளையாடிவிட்டேன் என்று நினைத்தாயா?

உங்கப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நல்ல பிரேக்குதானப்பா போட்டீங்க?"

"நல்ல பிரேக்குதாங்க மாமா."

பொய் இல்லை.

போன மாதம் ஒரு வேனில் சேலம் போனேன். தொப்பூர் மேட்டில் டிரைவர் சாவியை அணைக்கப் போனார். அவர் கையைப் பிடித்துவிட்டேன். ஏன் என்றார். டப்பா, உறிஞ்சல், மூன்று மிதி, கல், எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தபோது, இறக்கத்தில் பாதிகூடத் தாண்டியிருக்கவில்லை.