முலாம்பழத்துக்கு வேளை தவறாமல் மருந்து

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அங்கே குளிர் குறைந்ததா, உன் இருமல் விட்டதா, எழுது. இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரமாட்டேன் என்கிறது. உன் அப்பா நன்றாக இருக்கிறார், அதாவது நான் இன்னும் அவரை ஒன்றும் செய்யவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். எப்படிச் சொல்வது? போனில் உன் பெயர் தெரிந்தாலே அந்த மனுஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து காதை நீட்டிக்கொண்டு நிற்கிறாரே. அதனால்தான் கடிதம். தையல் மெஷின் மேலேயே வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் கோபம், வயசு இல்லை.

முதலில் நீ சொன்னதை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். போன வருடம் லீவு கிடைக்கவில்லை என்றாய், அதற்கு முந்தின வருடம் டிக்கெட் விலை என்றாய். இந்த வருடம் நான் கொல்லையில் முலாம்பழ விதை போட்டிருக்கிறேன் என்று சொன்னதும், "இங்க கடைப்பழமெல்லாம் மருந்தடிச்சு மருந்தடிச்சு சப்புன்னு இருக்கும்மா, நீ மருந்தே இல்லாம வளர்த்து வை, பழம் பழுக்கறப்ப வந்துடறேன்" என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். பக்கத்தில் நின்று கேட்ட மனுஷன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டுக் காலண்டரே அந்தக் கொடிதான். முளை விட்டால் குட்டி வந்துடுவா, நாலு இலை விட்டால் குட்டி வந்துடுவா, தினமும் இதே பாட்டு.

நான் எப்படி வளர்த்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும். விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பேப்பரில் டம்ளர் மாதிரி குப்பி சுருட்டி அதில் மண்ணும் மக்கிய குப்பையும் நிரப்பி, வெயில் விழும் சமையலறை ஜன்னலில் வைத்துக் கைக்குழந்தை போலப் பார்த்தேன். வேர் கலையக்கூடாது என்று குப்பியோடு அப்படியே மண்ணில் இறக்கினேன். முதலில் வந்த பூ எல்லாம் கொட்டிப் போயிற்று, உன் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இது ஆண் பூ, முதல்ல வந்து கூட்டம் போடும், காரியத்துக்கு ஆகாது, இனிமேல்தான் பெண் பூ வரும் என்று சொன்னேன். அவருக்குச் சுருக்கென்றது, அன்று பூராவும் என்னோடு பேச்சில்லை. அப்புறம் அடியில் சின்ன மொட்டுக்காயோடு பெண் பூ வந்தது, தேனீ வந்தது, தேனீ வராத நாளில் நானே ஆண் பூவைக் கிள்ளி அதன்மேல் தடவிவிட்டேன். பிஞ்சு கனம் தாங்காமல் கொடி இறங்கியபோது அவருடைய பழைய பனியனைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் தொட்டில் கட்டினேன். ஜாக்கெட் அளவெடுக்கும் டேப்பால் வாராவாரம் இடுப்பளவு எடுத்தேன், சிரிக்காதே. தோலில் வலை பின்ன ஆரம்பித்திருந்தது. சிவப்பு வண்டு வந்தபோதுகூட விடிந்ததும் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேனே தவிர, ஒரு சொட்டு மருந்து கிட்டே விடவில்லை.

அந்த நேரம் பார்த்து உன் சித்திக்குக் கண் ஆபரேஷன். நான் போகாவிட்டால் யார் போவது? பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று உன் அப்பாவிடம் சொன்னேன், மருந்தை மறந்துடாதீங்க, காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று. அவருடைய பிரஷர் மாத்திரையைத்தான் சொன்னேன். எனக்கு மாத்திரை, ஊசி, தைலம் எல்லாமே மருந்துதான், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கொடியையே பார்த்துக்கொண்டு, "வீட்ல இல்லையே, வாங்கணுமே" என்றார். மாத்திரை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, இல்லைன்னா வாங்கிக்குங்க, காசு பார்க்காதீங்க என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது, நீயே சொல்.

தினமும் சித்தி வீட்டிலிருந்து போன் பண்ணி மருந்து ஆச்சா என்று கேட்டேன். ஆச்சு ஆச்சு என்றார். ஒருநாள், "கொஞ்சம் நாத்தமாத்தான் இருக்கு, தலை சுத்துது" என்றார். அதெல்லாம் பழகிடும், நிறுத்திடாதீங்க என்று நானே தைரியம் சொன்னேன். சொன்ன வாயை இப்போது என்ன செய்வது!

திரும்பி வந்து கேட்டைத் திறந்தேன், மூக்கைத் துளைக்கிற நாற்றம். கொடிக்கு அடியில் தேனீக்கள் செத்துக் கிடக்கின்றன. உன் அப்பா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு முதுகில் டப்பாவும் கையில் குழாயுமாக நிற்கிறார். என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கி, "ஒரு வண்டு இருக்கா பாரு" என்கிறார் பெருமையாக. டப்பா யாருடையது? மாடிவீட்டு இன்ஸ்பெக்டருடையது. எந்த உத்தியோகத்திலும் இல்லாமல் ஊர் விஷயத்தையெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுகிறார் என்று நீதானே சின்ன வயதில் அவருக்கு அந்தப் பெயரை வைத்தாய், அதே ஆள்தான். மருந்து எது வாங்குவது, எத்தனை மூடி கலப்பது எல்லாம் அவர் உபயம். இரண்டு மூடி போதுமா என்று இவர் கேட்டதற்கு நாலா ஊத்துங்க, சுத்தமா போயிடும் என்றாராம். சுத்தமாகத்தான் போயிற்று.

மருந்தே கூடாதுன்னு தொண்டை கிழியக் கத்தினேனே, காதுல என்ன வச்சிருந்தீங்க என்று கேட்டேன். "நீதானே சொல்லிட்டுப் போன, வண்டு ஜாஸ்தியானதால மனசை மாத்திக்கிட்டேன்னு நெனச்சேன், நீ சொன்னா காரணம் இருக்கும்" என்றார். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன், கண்டக்டர் விசில் கொடுத்தால் வண்டியை எடுப்பார், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். இந்த வீட்டில் கண்டக்டர் நான். மற்ற நேரத்தில் குப்பையை வெளியே வையுங்கள் என்று நான் கொடுக்கிற விசில் மட்டும் அவர் காதில் விழாது.

கேள், இன்னும் முடியவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்தால் மாத்திரை அட்டை நான் வைத்தபடியே இருக்கிறது, ஒன்றுகூடக் கிழியவில்லை. செடிக்கு வேளை தவறாமல் மருந்து, மனுஷனுக்கு ஒரு வேளைகூட இல்லை. அவரை அப்படியே இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், நம்பாமல் மறுபடியும் பார்த்தார், அப்புறம் அவரை விட்டுவிட்டு என்னைத் திட்டினார். இப்போது இறங்கிவிட்டது, பயப்படாதே. மாத்திரையை நானே வாயில் போட்டு, விழுங்கினாரா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன்.

பழத்தை நல்லாக் கழுவிட்டா போதும், தோலைச் சீவிட்டா போதும் என்று இன்ஸ்பெக்டர் மாடியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். முதல்ல நீங்க சாப்பிட்டுக் காட்டுங்க என்றேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டார். எல்லாக் காயையும் நானே பறித்துக் குழி வெட்டிப் புதைத்தேன். உன் அப்பா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம் என்று தோன்றியது, அந்த நேரத்தில் தோன்றினால் காரியம் ஆகாது என்று திரும்பிப் பார்க்காமல் வெட்டினேன்.

ஆனால் இவ்வளவு எழுதியும், என் வயிறு எரிவது பழத்துக்காக இல்லையடி. நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாக ஆரம்பித்தார், "குட்டிகிட்ட இதைச் சொல்லாதே, பழம் இல்லைன்னா வரமாட்டா" என்று. அதோடு விட்டாரா, கடையில நல்லதா ரெண்டு மூணு வாங்கி வந்து கொடியில கட்டிவிட்டுடலாம், அவளுக்கா தெரியப்போகுது என்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம்! பெத்த அப்பனைப் பார்க்க வர்றதுக்கு அவளுக்குப் பழம் வேணுமா, என் பொண்ணை என்னன்னு நெனச்சீங்க என்று போட்ட சத்தத்தில் தட்டு எகிறியது. அவர், "அப்ப ஏன் ரெண்டு வருஷமா வரலை" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டார். இத்தனை பேசுகிற நான் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். உனக்காக வக்காலத்து வாங்கி வாங்கி எனக்கும் அலுத்துவிட்டது. லீவு என்றால் நம்பினேன், டிக்கெட் என்றால் நம்பினேன், அவர் பழம் என்பதை நம்பிவிட்டார், அதுதான் வித்தியாசம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பச்சை நூல்கண்டைக் காணோம் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கொல்லையில் நிற்கிறார், கடைப் பையிலிருந்து ஒரு முலாம்பழத்தை எடுத்துப் பனியன் தொட்டிலில் வைத்து, காம்போடு கொடியைச் சேர்த்து அந்த நூலால் கட்டப் பார்க்கிறார். பஸ் ஸ்டியரிங் பிடித்த கை, முடிச்சு விழமாட்டேன் என்கிறது. அதட்டலாம் என்றுதான் எழுந்தேன். முடியாமல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கடவுள் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டார், மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல், தண்ணீர் நிறையக் குடி, ராத்திரி தலைக்குக் குளிக்காதே. நான் எழுத மறக்கக்கூடாது என்று நினைத்தது ஒன்றுதான். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுதி உட்கார்ந்திருக்காதே. நேராக உன் அப்பாவுக்குப் போன் போடு. பழம் என்ற பேச்சையே எடுக்காதே, நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே, எந்தத் தேதி வருகிறாய் என்று மட்டும் சொல். வர முடியாதென்றால் அதையும் நீயே அவரிடம் சொல், இந்தத் தடவை நான் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா