மும்மூன்றாய் ஒன்பது

புதுச்சேரி
12-1-1958

அன்புள்ள சக்கரபாணிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. மார்செய் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடமாட்டேன் என்கிறது.

நம் கின்னான் முசியே மார்கழி பிறந்ததுமே போய்ச் சேர்ந்துவிட்டார். மில் மெக்கானிக்காக இருந்துகொண்டு, நான் பிரெஞ்சுக்காரன் இல்லை ஐயா, ஐரிஷ்காரன் என்று சொல்லிச் சொல்லி அலுத்தும் முசியே என்ற பேர் கடைசிவரை அவரை விடவில்லை. அவர் பிடிலில் வாசிப்பாரே ஸ்லிப் ஜிக் என்று அவர் ஊர் ஆட்டப்பாட்டு, நான் கிளாரினெட்டில் ஊத நீ டிரம் தட்டுவாயே, அதைத்தான் தன் சவ ஊர்வலத்தில் வாசிக்கச் சொல்லியிருந்தார். அவர் ஊரில் பெண்கள் மெத்தென்ற செருப்புப் போட்டு, கால் தரையில் படுகிறதா இல்லையா என்று ஆடுவது, செத்துப்போன அவர் பெண்சாதியும் அதைத்தான் ஆடுவாளாம். மெதுவாக ஊது ராமலிங்கம், அவளிடம்தானே போகிறேன் என்றார். நானும் வாக்குக் கொடுத்தேன். நீ இல்லாததால் டிரம்முக்கு நம் தெரு மேளக்காரன் அம்மாவாசையை வைத்துக்கொண்டேன். மும்மூன்றாய் ஒன்பது, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அடி எடுத்து வையுங்கள் என்று பெட்டி தூக்குகிறவர்களுக்கும் சொல்லிப் பழக்கினேன். பாவி, தெரு திரும்பினதும் கை பழக்கத்தில் நாலும் ஐந்துமாக அடித்துவிட்டான். நம்மூர் ஒன்பது தாளம் அப்படித்தானே. நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தூக்கினவர்கள் கால் பின்னி, பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேடிக்கை பார்த்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உன் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, எம் புள்ள இருந்திருந்தா பொட்டி சாஞ்சிருக்குமா என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்ப் படுத்தாள்.

அவள் இருமலைப் பற்றி உனக்கு இதுவரை எழுதவில்லை, எழுதவேண்டாம் என்று அவள்தான் தடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கஞ்சிகூட இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. அரிசி புடைக்கும்போதெல்லாம் அந்த ஜிக்கை முணுமுணுப்பாளே, இப்போது மூச்சு எட்டவில்லை.

அம்மாவாசை தினமும் சாயங்காலம் வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்து தொடையில் தட்டிப் பழகுகிறான். நாலு ஐந்து என்று கை போனால் அவளே கையை ஆட்டித் திருத்துகிறாள். செய்த தப்புக்கு அவனாக வருகிறான் என்றே நினைத்திருந்தேன். நேற்றுத்தான் கேட்டேன். ஆயி வரச் சொன்னாங்க அண்ணே என்று தலையைக் குனிந்துகொண்டான். அவளிடம் போனேன். நாந்தான் வரச் சொன்னேன், எனக்கும் அதையே ஊதிடு, பாடை மட்டும் சாயாம பாத்துக்க என்றாள். அழுதுவிட்டேனடா.

கப்பலில் லீவு கேள், கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. பாடைக்கு அடிக்க அம்மாவாசை இருக்கிறான், இப்போது சரியாகவே தட்டுகிறான். உயிரோடு அவள் காது கேட்கும்போதே தட்ட உன்னைத்தான் தேடுகிறாள். வரும்போது கம்பளி எடுத்து வா, அவளுக்குக் குளிர் தாங்கவில்லை.

நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும் உன் அப்பா,
ராமலிங்கம்