பூசாமல் விட்ட நாலு கலயம்

என்னைத் திட்டுவதற்கென்றே எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் மைனி தங்கம்மைக்கு,

உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். நான் வேதப்புத்தகம் வாசித்துக் காட்டும்போது, "நில்லுட்டி, அத இன்னொருக்கா சொல்லு" என்று கையைப் பிடித்து நிறுத்துவீர்களே, அதுபோல எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தத் தடவை எனக்கும் நின்று நின்றுதான் போக முடியும்.

முதலில் ஊர்ச் சேதி. கருங்கல்லுக்கு இப்போது மோட்டார் பஸ் வருகிறது. நீங்கள் இருந்தால் ஏறவே மாட்டீர்கள், "எனக்குக் காலு இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தே போவீர்கள். அண்ணன் இன்னும் பனை ஏறுகிறார். உங்கள் மகள் கிருபைக்குப் பன்னிரண்டு வயதாகிறது. உங்களைப் போலவே கோயிலில் பாட்டை ராகம் தப்பிப் பாடுகிறாள், அதுவும் எல்லோருக்கும் மேலே கேட்கிற குரலில். நான் ஒன்றும் சொல்வதில்லை. கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். நம்மை அறியாதவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் தலைப்பிள்ளைப் பேறுகாலத்துக்குக் என் மாமியார் ஊரான கொட்டாரத்திலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்கு ஏழு மாசம். அம்மை செத்துப்போன வீட்டில் எனக்கு அம்மையாக இருந்தது நீங்கள்தான். அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற காலம் அது. அண்ணன் மரத்திலிருந்து இறக்கிக்கொண்டு வர, ஓலை வேய்ந்த விடிலிக்குள் நீங்கள் நாள் முழுக்க அடுப்படியில் வெந்துகொண்டிருந்தீர்கள். சும்மா இருக்க முடியாமல் நான்தான் கேட்டேன், கலயத்துக்குச் சுண்ணாம்பு பூசுகிற வேலையை என்னிடம் விடுங்கள் என்று. குனிய வேண்டாம், சுமக்க வேண்டாம், உட்கார்ந்தபடி உள்பக்கமாகத் தடவினால் போதும். பிள்ளைத்தாய்ச்சியை வேலை வாங்குவதாக உங்களைத் திட்டுவாரென்று அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. அந்தச் சுண்ணாம்பைத் தினமும் புதிதாகப் பூசினால்தான் கலயத்தில் இறங்குவது அக்கானி. இல்லாவிட்டால் விடிகிறதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளு வைத்திருந்தால் கேஸ்.

அன்றைக்கு எனக்கு விரலெல்லாம் வெடித்து எரிச்சல். கடைசியாக நாலு கலயம் பாக்கி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன், முந்தின நாள் பூசியது வெள்ளையாக ஒட்டியிருந்தது. போதும் என்று நினைத்துவிட்டேன். அவ்வளவுதான் மைனி. பிறந்ததிலிருந்து பனை மூட்டில் வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா? சோம்பல். வேறு பெயர் எதற்கு?

மறுநாள் காலையில் நீங்கள்தான் முதலில் மோந்து பார்த்தீர்கள். நாலிலும் நுரை கட்டியிருந்தது. "இது என்னட்டி, புளிச்சுப் போச்சே" என்றீர்கள். திட்டக்கூட இல்லை. தூக்கி வெளியே கொட்டப் போனீர்கள், வாசலில் கள்ளுப் பிடிக்கிற அப்காரிச் சிப்பாய்கள் இரண்டு பேர் நின்றார்கள். அண்ணன் அந்த நேரம் வடக்கு விளையில் மரத்தின் மேலே.

"இதுக்குச் சுண்ணாம்பு பூசுனது யாரு?"

எனக்கு வாய் வரவில்லை. ஒருவன் என் பக்கம் திரும்பினான். நீங்கள் குறுக்கே வந்து, "நான்தான். மாப்பிளைக்கும் தெரியாது, இந்தப் பிள்ளைக்கும் தெரியாது" என்றீர்கள். அவன் அப்படியும் என்னைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தான். நீங்கள் தள்ளியதில் அடுப்புத் திண்டில் விழுந்து அவனுக்கு மண்டை உடைந்தது. கள்ளுக்குக் கொஞ்சமும், மண்டைக்கு நிறையவுமாக உங்களுக்கு ஒரு வருஷம் போட்டார்கள்.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, உங்கள் வயிற்றிலும் ஒன்று இருக்கிறதென்று. ஐயோ மைனி, என் வயிற்றைக் காப்பாற்றப் போன உங்களுக்கா இப்படி?

என் சாமுவேல் வெளியே பிறந்தான். கிருபை உள்ளே பிறந்தாள். அவளுக்கு இரண்டு மாசம் ஆகும்போது உங்களுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது, பிள்ளையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வார்டர் அம்மா பிள்ளையை நீட்டினாள். பசியில் கத்திக்கொண்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து மாரில் போட்டேன். அது வெடுக்கென்று கவ்வி மடமடவென்று குடித்தது. நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தீர்கள். கண்ணை எடுக்கவே இல்லை. எனக்குத்தான் உங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மைனி, நான் போய் உள்ளத சொல்லிருதேன். நீங்க வெளிய வந்துருங்க" என்றேன்.

"ஏட்டி, கிறுக்கி! தள்ளுனது நீயா? அதுக்கு உள்ளது எப்பிடியும் எனக்குத்தான். நீ வாயத் தொறந்தா ஒனக்க மாமியாரு ஒன்னய நடை ஏத்துவாளா? ஒனக்க அண்ணன் முகத்துல முழிப்பாரா? ரெண்டு வாசலும் அடைஞ்சா எனக்க பிள்ளைய எங்கட்டி கொண்டு வப்ப? மிண்டாம இரு. எனக்குச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அன்றைக்கு உள்ளே போனவள்தான் நானும்.

பிறகு மூன்று தடவை வந்தேன். பிள்ளை உங்கள் மணம் இல்லாமல் உறங்கமாட்டேன் என்கிறது என்று சொன்னதும், உடுத்தியிருந்த மேல்துணியை உரிந்து கொடுத்தீர்கள். பிள்ளையின் பழைய துணியை உங்களுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொண்டோம். நாலாவது தடவை நான் துணியோடு வந்து நின்றபோது, வார்டர் அம்மா வாங்கிக்கொள்ளாமல் அழுதாள். நீங்கள் வெளியே வர இன்னும் இருபத்தொரு நாள்தான் இருந்தது.

என் மாமியார், தாயில்லாப் பிள்ளை என்று சொல்லி கிருபையை ஏற்றுக்கொண்டாள். நீங்கள் சொன்னது சரிதான், தெரிந்திருந்தால் ஏற்றியிருக்கமாட்டாள். ஆனால் மைனி, நீங்கள் போட்ட பூட்டு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அண்ணன் வருவார். சாப்பிட்டுவிட்டு மகளைப் பக்கத்தில் இருத்திச் சொல்லுவார்: "ஒனக்க அம்மை நல்லவதான் மக்கா. ஆனா கைமறதி. நாலு கலயத்துக்கு ஒழுங்காச் சுண்ணாம்பு பூசியிருந்தா இன்னைக்கு நம்மகூட இருந்திருப்பா." பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். நான் கறிச்சட்டியை ஏந்தியபடி நிற்பேன். பத்துப் பன்னிரண்டு கிறிஸ்துமஸ். சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற பயம். மாமியார் கண்ணை மூடிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. முதலில் பிள்ளைக்காக மிண்டாமல் இருந்தேன். பிறகு எனக்காக இருந்தேன். எது எப்போது மாறியதென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒன்றே ஒன்று செய்தேன். அந்த வார்டர் அம்மா ஒருநாள், "இன்னொருத்தி கைப்பிள்ளையோட வந்திருக்கா" என்று சொல்லி அனுப்பினாள். போனேன். அதிலிருந்து மாசத்தில் முதல் திங்கட்கிழமை நானும் எங்கள் சபை உபதேசியார் மனைவியும் போகிறோம். உள்ளே இருக்கிற தாய்க்குப் பேறுகால மருந்தான காயமும் கருப்பட்டியும், வெளியே பிள்ளையை வளர்க்கிற வீட்டுக்கு ஆட்டுப்பாலும் கேப்பை மாவும். துணி மாற்றிக் கொடுப்பதும் உண்டு, அது நாம் கண்டுபிடித்தது. ஊரில் என்னைப் புண்ணியவதி என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

போன திங்கட்கிழமை உபதேசியார் மனைவிக்கு மேலுக்கு முடியவில்லை, கிருபையைத் துணைக்குக் கூட்டிப்போனேன். உள்ளே வைசூரி கண்டிருந்தது. ரோசம்மாள் என்கிற கடற்கரைப் பெண், மீன் உணக்கச் சர்க்கார் உப்பளத்தில் உப்பு வாரியதற்காக உள்ளே இருக்கிறாள், ஐந்து மாசக் கைப்பிள்ளையோடு. கம்பி வழியாகப் பிள்ளையை என்னிடம் தந்து, "எனக்க நாத்தனாருகிட்ட குடுத்துருங்கக்கா, அவளுக்கும் பாலு குடிக்கப் பிள்ளை இருக்கு" என்றாள். புருஷன் வேறு கடற்கரையில் தங்கி மடிவலை போடப் போனவன், வர நாளாகும்.

வழியெல்லாம் பிள்ளை அழுதது. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து வைத்தால் துப்பியது. என் மார் வற்றி எத்தனை வருஷம் ஆகிறது! கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது அதற்கு அழவும் சீவனில்லை. நாத்தனார்க்காரி பிலோமினாள், தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடிசை வாசலை அடைத்து நின்றாள்.

"அவ செஞ்ச களவுக்கு நான் பாலு குடுக்கணுமோ? எனக்க மாப்பிளை வீட்டுல கேட்டா என்ன சொல்லுவாவ? கொண்டு போங்க."

"பிள்ளை என்ன பாவம் செஞ்சுது மக்களே? அவ வெளிய வர ரெண்டு மாசம்தான்."

"ஒங்களுக்கு என்ன! புண்ணியத்துக்குத் தூக்கிட்டு வாறிய, குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவிய. ஒங்களுக்கு என்ன போச்சு?"

எனக்கு என்ன போச்சா? மைனி, என் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே. அவளை அறைந்திருப்பேன், கையில் பிள்ளை இருந்தது. அதற்குப் பதிலாக வாய் திறந்துகொண்டது. "எனக்க மைனி ஜெயில்ல கெடந்து செத்தது எனக்க தப்புக்கு! கலயத்துக்குப் பூசாம விட்டது நான். நான் மிண்டாம நின்னேன், அவிய போனாவ. அவியளுக்க பிள்ளைக்கு நான் பாலு குடுத்தேன். அதுவும் குடுக்கலைன்னா நான் மனுசியா? நாளைக்கு ரோசம்மா வந்து எனக்க பிள்ளை எங்கன்னு கேட்டா, நீ எந்த முகத்தோட நிப்ப?"

பிலோமினாள் என் பின்னால் பார்த்தாள். அப்போதுதான் கிருபை அங்கே நிற்பது எனக்கு நினைவு வந்தது. ரோசம்மாள் கொடுத்தனுப்பிய துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச தாங்க" என்று பிலோமினாள் பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "அவ வந்ததும் கொண்டு போயிரணும், கேட்டியளா?" என்று முறுமுறுத்துக்கொண்டே மாரில் போட்டாள். கிருபை போய் அந்தத் துணியைப் பிள்ளைக்கு அடியில் விரித்துக் கொடுத்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது எனக்கு முன்னால் நடந்தாள். நான் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள். மூன்று நாள் பேச்சில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், வேலை சொன்னால் செய்தாள். சாமுவேல் அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்றுப்போனான். நாலாம் நாள் நான் நெல் புடைத்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள்.

"நாலு கலயந்தானா?"

"ஆமா மக்கா. நாலு."

"எங்கம்மை பூசுனது ஏதாவது புளிச்சிருக்கா?"

"ஒருநாளும் இல்ல. ஒண்ணுகூட இல்ல."

அவளுக்குக் கண் நிறைந்திருந்தது, ஒரு சொட்டு விழவிடவில்லை. அதுவும் உங்கள் பிடிவாதம்தான்.

"அப்பன் இவ்வளவு நாளும் எங்கம்மையத்தான் குத்தம் சொல்லுது. அப்பனுக்கிட்ட நீங்க சொல்லுவியளா மாமி?"

மாமி. பேசத் தொடங்கிய நாளிலிருந்து என்னை அம்மை என்று கூப்பிட்ட பிள்ளை. அவள் சொன்னது முறைதான், அப்பனின் தங்கச்சி மாமிதானே? முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். "சொல்லுதேன் மக்கா" என்று மட்டும் சொன்னேன்.

மைனி, உங்களுக்குப் பண்ணிய சத்தியத்தை முறிக்கப் போகிறேன். இந்தக் கடிதம் அச்சாகி வரும்வரை காத்திருக்கமாட்டேன். வருகிற சனிக்கிழமை கிருபையோடு பஸ் ஏறிக் கருங்கல்லுக்குப் போகிறேன். பிள்ளையின் முன்னால், அண்ணன் முகத்தைப் பார்த்து, என் வாயாலேயே சொல்கிறேன். அவர் என்னை அடிக்கட்டும். பிள்ளையை அங்கேயே நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். நிறுத்திக்கொண்டால் தனியாகத் திரும்பி வருவேன். ஆனால் உங்கள் மகள் உங்கள் பெயரைக் கேட்டு இனி ஒருநாளும் தலை குனியமாட்டாள். இது உறுதி.

உங்கள் நாத்தனார்,
கிருபைக்கு மாமி,
ஞானப்பூ