சீலண்ட் காயும் வரை

நிலா, வடதுருவக் குடியிருப்பு. காலை 7:10
இதை எடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். எழுதுபவன் கோமதிநாயகம், கல் ஆராய்ச்சியாளன். இந்த வீட்டில் நான், மனைவி வடிவு, நான்கு வயது மகள் தாமிரா. இயந்திரங்கள் எல்லாம் வடிவின் பொறுப்பு. பனிக்கட்டி எடுக்க வண்டியில் போயிருக்கிறாள், நாளை வருவாள். காற்றழுத்தம் சரி. நீர் சரி. கம்மோடு ஆடுகிறது. தாமிரா ஏறி உட்கார்ந்தாலே டொக் டொக் என்கிறது.

வாக்கிடாக்கியில் செய்தி, வடிவு: "நட்டுல கை வைக்காதிய. அடியில ரப்பர் துண்டச் சொருகி விடுங்க, போதும். நான் வந்து பாத்துக்கிடுதேன்."

காலை 11:40
கை வைத்தேன். முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு ஒரு நட்டை இறுக்கத் தெரியாதா என்ற வீம்பு. ஆட்டம் நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். இன்னும் ஒரு திருகு திருகினேன். பீங்கான் அடிப்பாகம் வெடித்தது.

தரைக்குக் கீழே காற்று கிடையாது. கம்மோடின் அடி சீல்தான் வீட்டுக் காற்றைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது சுற்றிலும் விசில் சத்தம். குளியலறைக் கதவு சாதாரணக் கதவு, காற்றை அடக்காது.

பிற்பகல் 2:05
விரிசலில் ரப்பர் பட்டையைத் திணித்து, வீட்டிலிருந்த சிலிக்கான் சீலண்டை எல்லாம் பிதுக்கிப் பூசிவிட்டேன். விசில் நின்றது. சேமிப்புக் காற்று அநேகமாகத் தீர்ந்துவிட்டது. முழுதாகக் காய ஒரு நாள், அதுவரை அசைக்கக் கூடாது என்று டியூபில் போட்டிருக்கிறது.

மாலை 5:30
வடிவு இப்போதே வந்து நிற்கிறாள். வண்டியில் காற்றுக் கருவி பழுது. வாசல் கண்ணாடி வழியே முகம் தெரிகிறது. அவள் விண்வெளி உடையிலுள்ள காற்று இன்னும் சில மணி நேரம்தான் தாங்கும்.

சேமிப்புக் காற்று இல்லாமல் வாசல் அறையைத் திறந்தால் வீட்டுக் காற்றே அதற்குள் பாய்ந்து ஒரு உலுக்கு உலுக்கும். ஈர சீலண்ட் பிய்த்துக்கொள்ளும். தாமிரா அளவுக்கு விண்வெளி உடை இல்லை. உதவி வர இரண்டு நாள் ஆகும். திறக்கிறேன் என்றேன்.

செய்தி, வடிவு: "தொறந்தா பிள்ள போயிரும். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். தொறக்காதிய."

மாலை 6:15
செய்தி, வடிவு: "காத்துல ஈரம் இருந்தாத்தான் சிலிக்கான் சீக்கிரம் காயும். துணிய நனைச்சுத் தொங்கப் போடுங்க."

காய்வதற்கு ஈரமாம். தாமிராவின் கவுன்கள், வடிவின் சேலை, போர்வை, எல்லாம் நனைத்துத் தொங்கவிட்டேன். தொட்டுப் பார்த்தேன். ஒட்டுகிறது.

செய்தி, வடிவு: "அழுறதுன்னா பாத்ரூம்ல போயி அழுங்க. அந்த ஈரமும் ஆகும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே போய் உட்கார்ந்து அழுதேன்.

இரவு 8:20
ஒட்டுகிறது. வாக்கிடாக்கியைத் தாமிராவிடம் கொடுத்தேன்.

செய்தி, வடிவு: "ஏட்டி, சாப்பிட்டியா? அப்பாவப் படுத்தாத என்ன. அம்மைக்கு ஒறக்கம் வருது. நீயும் ஒறங்கு."

இரவு 9:05
ஒட்டுகிறது. மூன்று முறை வாசல் பிடியில் கை வைத்து எடுத்துவிட்டேன். கண்ணாடியில் அவள் தலை சாய்ந்து

ஒட்டுகிறது. என் ஒரு திருகு. வடிவு. என் வடிவு

மறுநாள் காலை 6:15
விரலில் ஒட்டவில்லை. வடிவு சொன்ன ஈரம் வேலை செய்திருக்கிறது, அவளைக் காப்பாற்றத்தான் பற்றவில்லை. வாசலைத் திறந்தேன். சீல் தாங்கியது. வடிவைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்திப் போர்த்திவிட்டேன்.

தாமிராவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மா பேசுவாள் என்று வாக்கிடாக்கியைக் கட்டிக்கொண்டே தூங்கினாள். இப்போது எழுந்து, அதையும் எடுத்துக்கொண்டு நேரே குளியலறைக்குப் போய்விட்டாள்.

காலை 6:30
செய்தி, தாமிரா, குளியலறையிலிருந்து வடிவின் வாக்கிடாக்கிக்கு: "அம்மா... போயாச்சு. கழுவி விட வா."