கழுவிவிட்டு ஏறிய மேடை

கையில் ஒட்டிய வெள்ளிச் சாயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. நேற்று விருதுநகரில் ஒரு ராப் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். உனக்கு அஞ்சலி என்று சுவரொட்டியில் போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கிய பாடகனிடமிருந்து ஒட்டியது இது. பெயின்ட் வாடை.

அவனும் கூட்டாளிகளும் முகம், கழுத்து, கை எல்லாம் வெள்ளி பூசியிருந்தார்கள். சட்டைகளை வேண்டுமென்றே கருக்கியிருந்தார்கள். ஒருவன் கன்னத்தில் தீக்காயம் போல ரப்பர் தோல். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே கடைசிவரை உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் கன்னத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சிவகாசியில் நீ முதன்முதலாக ராப் பாட மேடை ஏறிய அன்று, வெம்பக்கோட்டைப் பக்கம் நம் பட்டாசு ஆலையில் வேலை முடிந்ததும், அலுமினியப் பவுடர் வெள்ளியாய்ப் படிந்த கைகளைத் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாய். நகக்கண்ணைச் சுத்தம்செய்ய என்னிடம் ஊக்கு வாங்கினாய். மஞ்சள் சுடிதார், தலை நிறையப் பிச்சிப்பூ. நிகழ்ச்சி நடத்தியவருக்கு உன்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, கம்பெனியிலருந்து அப்படியே வந்திருக்கலாமுல்ல? அதுதான ஒரிஜினல்?"

"வேலைக்கு வரலண்ணே, பாட வந்திருக்கேன். குளிச்சிட்டுத்தான் வருவேன்" என்றாய்.

கல்யாண வீட்டுக்கு வந்த பொண்ணு என்று கூட்டம் சிரித்தது. நீ பாடினாய். ஆமத்தூர் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தாமல் போகும் கண்டக்டர்மேல் உனக்கிருந்த காதலைப் பாடினாய். சிரித்தவர்களே விசிலடித்தார்கள். அந்தப் பாட்டில் வெடி என்ற சொல்லே கிடையாது. அடுத்த தீபாவளி சீசனில் ஆலையின் வெடிமருந்து அறை வெடித்து நீ போய்ச் சேர்ந்தாய்.

நேற்று மேடைக்குப் பின்னால் அவர்கள் ஒத்திகை பார்த்தது அந்தப் பாட்டைத்தான். கண்டக்டரைக் காணோம். அவர் இருந்த இடத்தில் ரத்தம், சாம்பல், நெருப்பு.

"கண்டக்டர் எங்க தம்பி?" என்றேன்.

"அது காமெடியா இருக்குக்கா. அவங்க லைஃபுக்கு ஒட்டல."

"அவ எழுதுனது அவளுக்கே ஒட்டலையா?"

அவன் என் சேலையையும் கையையும் ஒருமுறை பார்த்தான். "நீங்களும் மேடைக்கு வாங்கக்கா, அவங்க ஃபிரண்டுன்னு சொல்றோம். கையில மட்டும் கொஞ்சம் சில்வர் பூசிக்கோங்க."

"பகலெல்லாம் அதுலதான் கெடந்தேன். இப்பத்தான் கழுவிட்டு வாரேன்."

"நல்லதாப் போச்சு. திரும்பப் பூசிக்கிட்டாச் சரி."

டப்பாவை நீட்டிய கையைத் தள்ளிவிட்டேன். "பாடுனா அவ எழுதுனபடி பாடுங்க. இல்லாட்டி அவ பேரச் சொல்லாதீக" என்றேன். அவர்கள் தங்கள் பாட்டைத்தான் பாடினார்கள். உன் பேரைச் சொல்லிக் கூட்டம் கத்திய சத்தம் பேருந்து நிலையம்வரை கேட்டது. கருகிய சட்டையின் படம் போட்ட பனியனை வாசலில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆலைக்குப் புதிதாக வந்த பெண்கள் கேட்டால், உன் பாட்டை நீ எழுதியபடியே பாடிக்காட்டுகிறேன். கடைசி நாலு வரியை ஒரே ஓட்டமாக ஓடுவாயே, அங்கே எனக்கு மூச்சு முட்டிவிடுகிறது. நீ எந்த இடத்தில் மூச்சு எடுத்தாய் என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.